நாலாம் மிஷின் வாங்கிய வண்டி

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கையில் இருக்கும் துணியை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் நீவுவாள். சுருக்கமே இல்லாத துணியையும் நீவுவாள். அவள் நீவ ஆரம்பித்தாள் என்றால் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அக்கா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். வீட்டு முன்னறையில் மூன்று பவர் மிஷின், ஜன்னலோரம் வெட்டு மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் காலர்கள். தைத்ததை மூட்டை கட்டி ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் வைத்து, நடுவில் தானும் ஒரு மூட்டையாக உட்கார்ந்து ஓட்டிப் போவாள். போன மழையில் பாலத்தைத் தாண்டும்போது நன்றாக மாட்டிக்கொண்டாள். நீலப் பாவாடைகளின் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் வானம் மாதிரி ஆகிவிட்டன. பள்ளி மேலாளர் நல்லவிதமாகத்தான் சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்மா.”

அதனால் கார். எங்கள் தெருப் பள்ளங்களில் அடி தட்டாமல் போகவேண்டும், பின்சீட்டை மடக்கினால் மூட்டைகள் போகவேண்டும் என்று பார்த்ததில் சின்ன எஸ்.யூ.வி.தான் சரிப்பட்டு வந்தது. புதுசா பழசா என்பதில்தான் சண்டை.

“பழசு போதும்” என்றார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். “ஷோரூம் வாசலைத் தாண்டிட்டா புதுசும் பழசுதான்.”

“புதுசுதான் வாங்கணும்” என்றேன் நான். எனக்கு வாகன இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் கிராமத்தின் கீழத்தெரு முழுவதற்கும் முதல் பட்டதாரி நான். இதை நான் எங்கேயும் சொல்லாமல் விட்டதில்லை.

“ஏன்டா புதுசு?” என்றாள் அக்கா.

“அந்த யூனிட் வாசல் வழியா ஓட்டிட்டுப் போகணும். மேடம் வயிறு எரியணும்.”

“அதுக்கு ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஒரு ரவுண்டு அடிச்சா ஆச்சு மச்சான்” என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. மடியில் கிடந்த காலரை நீவினாள்.

மேடம் என்பது அக்கா முன்பு வேலை பார்த்த தையல் யூனிட்டின் முதலாளியம்மா. அங்கே யாருக்கும் பேர் கிடையாது. மிஷின் நம்பர்தான். “ஏய் ரெண்டு”, “எங்க அந்த ஏழு?” அக்கா நாலு. ஒவ்வொரு மிஷினுக்கும் அடிநூல் ஒரு நிறம். மேலே துணிக்கேற்ற நூல் ஓடும், அடியில் அவரவர் நிறம் ஓடும். தையல் பிரிந்தால் திருப்பிப் பார்த்து, யாருடைய கூலியில் பிடிப்பது என்று மேடம் முடிவு செய்துவிடுவார். அக்காவுடைய நிறம் கிளிப்பச்சை. என் கல்லூரி நாட்கள் முழுவதும் அந்தப் பச்சையில்தான் ஓடின. பட்டமளிப்பு விழாவுக்கு அவள் ஒரு நாள் லீவு கேட்டபோது மேடம், “தம்பி பட்டம் வாங்கினா மிஷின் தானா ஓடுமா நாலு?” என்று கேட்டாராம். மேடையில் நான் சுருட்டிய காகிதத்தைக் கையில் வாங்கியபோது எதிரே அத்தான் மட்டும் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் கைதட்டினார்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது வேறு.

மேடம் புதிதாக ஒரு குட்டி எஸ்.யூ.வி. வாங்கினார். அதற்கு சீட் கவர் தைக்கும் வேலை அக்காவிடம் வந்தது. தடித்த துணி, ஓரத்தில் இரட்டைத் தையல். வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரமே நல்ல மழை. மேடத்தின் வீட்டில் ஏதோ விருந்து, திரைச்சீலை மாட்டிச் சரிசெய்ய ஆள் வேண்டும். “நாலு, வண்டியில ஏறு.” அக்கா பின்கதவைத் திறந்தாள். “இரு இரு” என்று மேடம் பழைய செய்தித்தாளை எடுத்து சீட்டின்மேல் விரித்தார். “நூல் பிசிறு ஒட்டும்.”

தான் தைத்த சீட்டின்மேல், தாளைப் போட்டு, நனைந்த உடுப்போடு உட்கார்ந்து போனாள். இறங்கும்போது தாளின் மை உடுப்பின் பின்பக்கம் அப்படியே இறங்கியிருந்தது. துவைத்தும் போகாத அதை மறுநாள் யூனிட்டில் பார்த்துவிட்டார்கள். எழுத்து இடம்வலம் மாறியிருந்ததால் கண்ணாடியைக் கொண்டுவந்து பின்னால் பிடித்துப் படித்தார்கள்: ‘இடம் விற்பனைக்கு.’ யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. மேடமும் வந்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்தோடு அக்கா வேலையை விட்டாள். பிறகு, அந்த யூனிட் தைத்துக்கொண்டிருந்த பள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக இவள் பக்கம் இழுத்தாள். அவள் தையல் அப்படி. அவள் வன்மமும் அப்படி.

அத்தானின் பிடிவாதத்துக்காக, பழைய கார் விற்கும் ஒரு யார்டுக்குப் போனோம். தரகர் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் காட்டினார். மூன்றாவது ஒரு சாம்பல் நிறக் குட்டி எஸ்.யூ.வி. அக்கா பின்கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. சீட் கவரின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள். அடிப்பக்கம் கிளிப்பச்சை.

திருப்பிய ஓரத்தை மடித்து நீவிவிட்டாள். பிறகு தரகரிடம், “இது யார் வண்டி?” என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

“ஒரு தையல் யூனிட்காரம்மா. தொழில் கொஞ்சம் டல். அவசரமா விக்கறாங்க. பேசிக் குறைக்கலாம்.”

“அவங்களே வந்து பேசினா எடுத்துக்கறேன்.”

நான் அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அதற்குள் ஒன்று தெரிந்துவிட்டது. என் தொழிலில் பழைய வண்டி என்றால் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்போம். இதிலும் இழுத்துப் பார்த்திருந்தேன். அடியில் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு. சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு. வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டி இது. என்றைக்கு, எந்த மூட்டையோடு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

“அக்கா, இது தண்ணி குடிச்ச வண்டி. ஸ்கூல் திறக்கற நேரத்துல இது நின்னுச்சுன்னா உன் ஆர்டரும் நிக்கும்.”

“நிக்கட்டும். அவ கையால சாவியை என் கையில குடுக்கணும். அவ நடந்து போகணும், நான் இதுல போகணும்.”

“அதுக்காக சேத்தைக் காசு குடுத்து வாங்குவியா?”

“நீ இன்சூரன்ஸ்காரன். வண்டி அடிபட்டா கணக்கு போடுவே. மனுஷி அடிபட்டதுக்கு நான்தான் கணக்கு போடணும்.”

நீவுவதற்கு அவள் கையில் துணி இல்லை. என் சட்டைக் கையை நீவிவிட்டுப் போனாள்.

மறுநாள் யார்டுக்கு மேடம் வந்தார். வாடகைக் காரில் வந்து இறங்கினார். நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல்முறை. நான் கற்பனை செய்து வைத்திருந்ததில் பாதி உயரம்கூட இல்லை. அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, “வாங்க மேடம்” என்றார்.

அடையாளம் தெரியவில்லை. அக்கா இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“வண்டியைப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன் மேடம். சீட் கவரைப் பாருங்க. கடையில கிடைக்காது. எங்க யூனிட்லயே தைச்சது.”

“யாரு தைச்சா?”

“ஒரு பொண்ணு இருந்தா. கை சுத்தம். வேலையை விட்டுட்டுப் போயிட்டா.”

அக்கா தன் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்தாள். ஓட்டுநர் சீட்டின்மேல் விரித்தாள். நிதானமாக நான்கு மூலையையும் நீவினாள். அதன்மேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

“என்ன மேடம், சீட் சுத்தமாத்தானே இருக்கு?”

“இருக்கும். ஆனா நூல் பிசிறு ஒட்டும்ல?”

மேடத்தின் கூப்பிய கை மெதுவாக இறங்கியது. அக்காவின் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

“நாலு…?”

“அது மிஷின். என் பேரைச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா பேரமே பேசாம வண்டியை எடுத்துக்கறேன்.”

அக்கா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்காரர் ஒருவரிடம் வாய்தவறிச் சொன்ன விலைக்கு ஒரு வகுப்பு முழுவதற்கும் தைத்துக் கொடுத்தவள் அவள். மேடம் வாயிலிருந்து சரியான பேர் வந்துவிட்டால், அந்தச் சேற்று வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

மேடம் நெற்றியைத் தேய்த்தார். ஒரு பேர் சொன்னார். அது ஏழாம் மிஷின்காரியுடையது. இன்னொன்று சொன்னார். அது பட்டன் தைக்கும் அம்மாவுடையது. அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா யார்டு வாசலில் அத்தான் வரவேண்டும்! வேலை முடித்து நேராக வருகிறார். பெண்டாட்டியைத் தெருமுனையிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர். வாயைத் திறந்துவிட்டார். நான் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன்.

“டேய்! என்னடா ஆச்சு?” என்று என் விரல் இடுக்கில் கத்தினார்.

“அத்தான், கொஞ்ச நேரம் ஊமையா இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“என் பொண்டாட்டி பேரை நான் சொல்லக்கூடாதா?”

“இன்னிக்கு மட்டும் சொல்லக்கூடாது.”

அங்கே மேடத்தின் குரல் தாழ்ந்திருந்தது. “எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? வேணும்னா இன்னும் குறைச்சுக்கறேன். இதை நான் இந்த வாரம் வித்தாகணும்.”

“குறைக்க வேணாம். பேர் போதும்.”

தரகர் மேடத்தின் பக்கம் குனிந்து, “எதையாவது சொல்லுங்கம்மா” என்று கிசுகிசுத்தார். மேடத்தின் உதடு அசைந்தது. குவிந்தது. அக்காவின் பேர் அப்படித்தான், உதடு குவிந்துதான் தொடங்கும். நான் அத்தானின் வாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மேடம் மூச்சை விட்டுவிட்டு, “தெரியலைம்மா” என்றார்.

அக்கா இறங்கினாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “சீட் கவரை மட்டும் நல்லாப் பாத்துக்கங்க. இந்த வண்டியில அது ஒண்ணுதான் உருப்படி” என்று சொல்லிவிட்டு நடந்தாள். எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா? போகிற போக்கில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக் கோட்டைத் தரகருக்குக் காட்டினேன். “அண்ணே, அடுத்து வர்றவங்ககிட்ட இதையும் சொல்லி வித்துருங்க.” மேடம் என்னைப் பார்த்தார். “பட்டம் வாங்கின தம்பி நான்தான்” என்றேன்.

புது வண்டி வந்தது. தவணையில்தான், வெள்ளை நிறம். ஓட்டப் பழகும்போது அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு காலையும் தூக்கிவிடுவாள். தையலில் மூலை வந்தால் காலை எடுத்து, ஊசியை இறக்கி, துணியைத் திருப்புகிற பழக்கம். வண்டி குலுங்கி அணைந்துவிடும். பயிற்சி கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது பழக்கம் போய்விட்டது.

ஒரு திருப்பத்தில் மட்டும் போகவில்லை. பள்ளிக்கு நேர்வழி இருக்கும்போது சுற்றுவழியாகப் போகிறாள். அந்த யூனிட் வாசலுக்கு எதிரே திரும்பும்போது வண்டி அணைந்துவிடுகிறது. அங்கே மட்டும். கேட்டை மறித்துக்கொண்டு நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, தலையைச் சரிசெய்து, ஆற அமர மறுபடி கிளப்புகிறாள். உள்ளே இருந்து கூப்பிட்டு நகரச் சொல்லவேண்டுமானால் பேர் வேண்டும். அது அங்கே யாரிடமும் இல்லை. ஹாரன் அடித்துப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய நான் அக்காவின் பேரை எங்கேயும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. மேடம் இதைப் படித்தாலும் படிப்பார்.