மண் சரிந்த நாளின் விருந்து

பீர்மேடு தாண்டியதும், எங்கே சாப்பிடலாம் என்று கணவர் போனில் தேட ஆரம்பித்தார். வளைவில் ஒரு சின்னக் கடையிலிருந்து தேங்காயெண்ணெய் மணக்கக் கோழிக்குழம்பு வாசனை வந்தது. நான் காரை நிறுத்திவிட்டேன்.

சிறுவயதில் இதே ரோட்டில் எங்கள் பஸ் நின்றுபோனது. மழையில் மண் சரிந்து வழியை மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு கடையும் இல்லை. அம்மாவின் மடியில் தம்பி பசியில் வீறிட்டான். மேலே எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து ஓர் அக்கா குடையோடு இறங்கி வந்தார்.

"பிள்ளைய வச்சிக்கிட்டு இங்ஙனயே ஏன் இருக்கீங்க? எல்லாரும் வீட்டுக்கு வாங்க. எம் மக இன்னைக்குச் சர்ச்சுல மொத தடவையா நன்மை வாங்குனா, புதுநன்மை விருந்து. சொந்தக்காரங்க மண்ணுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. ஆக்குன சோறு அப்படியே இருக்கு."

பஸ் சனமே அவர் பின்னால் மேடேறியது. வீட்டில், வெள்ளை கவுன் போட்ட என் வயதுப் பெண் ஸ்டெல்லா, விருந்துக்கு யாரும் வரவில்லையென்று அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "அதான் நாங்க வந்துட்டோம்ல, கண்ணு" என்றாள். டிரைவரும் கண்டக்டரும்கூட அவள் தலையில் கைவைத்து வாழ்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே சிரித்துக்கொண்டு, ஓடியோடி எங்கள் இலைகளில் சோறு வைத்தாள். தம்பி வயிறு நிறைந்து அங்கேயே தூங்கிப்போனான்.

அம்மா இருந்தவரை, விளக்கேற்றிக் கும்பிடும்போது எங்கள் பேரோடு ஸ்டெல்லாவின் பேரையும் சொல்வாள்.

இன்று இலையில் சோறு விழுந்ததும் என் வாயிலும் அந்தப் பேர் வந்தது.

"யாரு ஸ்டெல்லா?" என்றார் கணவர்.

"இந்த ரோட்டுல எங்களுக்குச் சோறு போட்டவ" என்றேன்.