சிறுவலைக்குக் கண் இல்லை

உயிர்க் கலத்துக்குள் மீன்பிடி வலை இருக்கிறது என்று ஒரு பள்ளித் தவணை முழுவதும் படிப்பித்த மடையன் நான். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். கரும்பலகையில் வலையாகவே கீறினேன். கண் கண்ணாக, முடிச்சு முடிச்சாக. ஈயக் குண்டு தொங்கவிடாததுதான் குறை. பதினொரு பிள்ளைகள் அதைக் கொப்பியில் கீறினார்கள். பன்னிரண்டாவதாகக் கீறியவர் எங்கள் ஆய்வுகூட உதவியாளர்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் அது. ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உயிரியல் ஆசிரியர் வெளிநாடு போய்விட, அதிபர் புத்தகத்தை என் கையில் வைத்து, "கணக்கு விளங்கின மனுசனுக்குக் கலம் விளங்காதோ" என்றார். புகழ்ச்சி என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். கலத்தின் உள்ளே முழுக்கப் பரந்து கிடக்கும் ஓர் உறுப்புக்கு அந்தப் புத்தகத்தில் அகமுதலுருச் சிறுவலை என்று பெயர். முன்பாதி எனக்கு விளங்கவில்லை. பின்பாதி விளங்கியது. வேலிக்கு வேலி வலை காயும் தீவில் வலையை எவன் புத்தகம் பார்த்துக் கீறுவான்?

ஆய்வுகூட உதவியாளர் அல்லைப்பிட்டிக் கடற்றொழில் குடும்பத்துப் பெண். அப்போது இருபத்தேழு வயதிருக்கும். உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில் இடப்பெயர்வுகள் குறுக்கே வந்துவிட்டன. தாதியர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஒரே எண்ணம். அதற்கான வயதெல்லை அந்த வருடத்தோடு முடிந்தது. ஆகவே வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டுத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத ஆயத்தமானார். பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு தடவைதான்.

பரீட்சைக்கு முந்திய வாரம், பாடத்தின் நடுவே, சோதனைக்குழாய்களைக் கழுவியபடி கேட்டார்.

"சேர், உந்த வலையின்ரை கண் எவ்வளவு பெரிசு?"

"மிகமிகச் சின்னன். பார்க்க ஏலாது."

"சின்னனெண்டாலும் ஓட்டை ஓட்டைதானே. வலைக்குள்ளை தண்ணி நிக்குமோ?"

"முதலிலை நான் கீறினதை ஒழுங்காய்க் கீறும்."

"கீறிட்டன் சேர். அப்பர் பார்த்திட்டு, உதாலை இறாலும் பிடிக்கேலாது எண்டவர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்; வேறு வழி? ஆனால் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. சமிபாட்டுக்குரிய நொதியங்கள் இந்தச் சிறுவலைக்குள்ளேதான் சேர்கின்றன என்று அடுத்த பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஓட்டை இருந்தால் அவை ஒழுகி, கலம் தன்னைத்தானே தின்றுவிடாதா? கிழிந்த பைக்கு உள் எது, வெளி எது? கணிதக்காரனுக்கு முதலில் வந்திருக்கவேண்டிய சந்தேகம், குழாய் கழுவியவருக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், பல்கலைக்கழகத்தில் இருந்த நண்பனைப் பிடித்தேன். அவன் எலெக்ட்ரான் நுணுக்குக்காட்டியில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினான். வலையைத் தேடினேன். ஒரு கண்கூட இல்லை. மடித்து மடித்து அடுக்கிய தட்டைப் பைகளும், ஒன்றோடொன்று பொருந்திய குழாய்களுமாகக் கிடந்தது. குழாய்கள் கிளைத்து ஓடும் விதம்தான் வலையே தவிர, சுவரில் பொத்தல் இல்லை. சவ்வு என்கிற அந்தச் சுவரோ இரண்டே இரண்டு அடுக்குக் கொழுப்பு. ஒவ்வொரு மூலக்கூறும் தண்ணீரை விரும்பும் தலையை வெளியே நீட்டி, தண்ணீரை வெறுக்கும் வாலை நடுவில் ஒளித்துக்கொண்டு நிற்கிறது. ஒட்சிசன் கேட்காமலே நுழைந்துவிடும். உப்புக்கு அது ஏலாது. இடையிடையே இருக்கும் புரதக் கதவு திறக்கவேண்டும். சில கதவுகள் சக்தியைச் செலவழித்து எதிர்ப்பக்கம் தள்ளவும் செய்யும்.

"அப்ப உள்ளுக்குச் செய்த சாமான் எப்பிடி வெளியிலை போறது?" என்று கேட்டேன். சவ்வின் ஒரு பகுதி மொட்டுப்போலப் புடைத்து, சாமானைச் சுற்றிக்கொண்டு குமிழாகக் கழன்று போகுமாம். அடுத்த சவ்வைத் தொட்டதும் அதனோடு கலந்து, தான் கொண்டுவந்ததை அந்தப் பக்கம் விடுமாம். எங்கும் ஒரு சொட்டு ஒழுகாது. சவர்க்கார நுரையில் இரண்டு குமிழ் சேர்ந்து ஒன்றாவதைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அது என் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்று முப்பத்திரண்டு வயதில் கேட்டபோது வாய் பிளந்தபடி இருந்தேன். நண்பன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி, மூடச் சொன்னான்.

திங்கட்கிழமை அவருக்குப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை அல்லைப்பிட்டிக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கம் என்னைக் கதிரையை விட்டு எழும்பவிடவில்லை. அவருடைய அப்பரின் முன்னால் நின்று "வலை பிழை" என்று சொல்வதை நினைக்கவே கூசியது. திங்கள் விடியத்தான் புத்தி வந்தது. சைக்கிளை எடுத்துப் பண்ணைப் பாலம்வரை உழக்கினேன். இராணுவச் சென்றியில் அடையாள அட்டை கேட்டார்கள். அது வீட்டில், மற்றக் காற்சட்டையில் இருந்தது. சவ்வு ஆளைப் பார்த்துத்தான் விடும் என்று அப்போதுதான் படித்தவனுக்குச் செயன்முறைப் பரீட்சை. கெஞ்சிக் கூத்தாடி அக்கரைக்கு, யாழ்ப்பாணத்துக்குப் போனபோது பரீட்சை மண்டபக் கதவு பூட்டியாயிற்று.

பிள்ளைகளுக்கு அடுத்த நாளே வலையை அழித்துப் பையைக் கீறிக் கொடுத்தேன். அவர் பரீட்சை லீவு முடிந்து வருமுன் எனக்குத் தென்மராட்சிக்கு இடமாற்றம் வந்தது. தப்பினேன் என்று போனேன். பிறகு மறுபடி சண்டை தொடங்கி, அல்லைப்பிட்டிச் சனம் மறுபடி இடம்பெயர்ந்தது. அவர் எங்கே, என்ன ஆனார் என்று விசாரிக்கப் பயமாக இருந்தது. என்னுடைய ஒரு படத்தால் ஒருவரின் ஒரே தடவை கெட்டுப்போயிருந்தால்?

ஐந்து வருடம் கழித்து, கலியாணவீட்டில் மூன்று பந்தி சாப்பிட்ட பலனாக வயிற்றோட்டத்தோடு வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தேன். வெள்ளை உடுப்பில் ஒருவர் வந்து கோப்பையை நீட்டினார். அவர்தான். தலைமயிரை இறுக்கி முடிந்திருந்தார்; பார்வை மாறவில்லை.

"குடியுங்கோ சேர். உப்பும் சீனியும்."

"தனி உப்புத் தண்ணி போதாதோ?"

"காணாது. குடல் கலத்திலை ரெண்டும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். பின்னாலைதான் தண்ணி போகும்."

குடித்தேன். அவர் என் நாடியைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வருடம் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பிள்ளை, அண்டைக்குச் சோதினையிலை சிறுவலை வந்ததோ? நான் கீறின வலையையோ கீறினனீர்?"

அவர் கையை விட்டுவிட்டு அட்டையில் ஏதோ எழுதினார்.

"கீறியிருந்தால் இஞ்சை நிற்பனோ, சேர்?"