அண்ணி எண்ணட்டும்

அக்காவின் பெயரில் வந்த ஆல்பம் அது ஒன்றுதான். இனி வரப்போவதில்லை.

அதற்கு முன்பு பல வருடம் அவள் அத்தானின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தாள். விடுதிகளில், வரவேற்பு விருந்துகளில், யாரும் காது கொடுக்காத இடங்களில். பகலில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை. வலியோடு வருகிறவர்களுக்கு ஓயாமல் பேச்சுக் கொடுப்பவள், மேடையில் வாயே திறக்கமாட்டாள்.

மெட்டுகள் எல்லாம் அவள் போட்டவை என்பதால் இசைக் கம்பெனிக்காரர்கள் அவள் பெயரில்தான் ஆல்பம் வேண்டும் என்றார்கள். அத்தான் சிரித்தார். "வீட்ல அவதானே லீடர், வெளியிலயும் இருந்துட்டுப் போகட்டும்."

ஒலிப்பதிவு நாள் வந்தது. கூடம் அன்று மாலை வரைதான் எங்களுக்கு. மதியமாகியும் ஒரு மெட்டும் தேறவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் அருகில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"யாரோ சுத்தியலால அடிக்கிறாங்க," என்றார் அவர்.

அத்தானின் குதிகால்தான். ஆளுயர வயலின் மாதிரியான டபுள் பாஸை அணைத்தபடி அவர் தரையில் தட்டுகிற தட்டில்தான் குழுவே நடக்கும். மேடையில் அது யாருக்கும் கேட்காது. மைக் விடவில்லை. ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்.

"சாக்ஸ்ல ஓட்டை இருக்கு, அதையும் பதிவு பண்ணிடாதீங்க," என்றார் அத்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை இன்னும் மோசம். தட்டுச் சத்தம் இல்லாமல் டிரம்ஸ்காரர் தடுமாறினார். மெட்டு பாதியில் சரிந்தது.

"அண்ணே, வாயாலயாவது எண்ணி ஆரம்பிச்சு விடுங்க," என்றார் டிரம்ஸ்காரர்.

அத்தான் எண்ணினார், வேகமாக. நிதானமாக நடக்கவேண்டும் என்று அக்கா போட்ட மெட்டு அது. ஆனாலும் எப்போதும்போல அவர் வேகத்துக்கே ஓடினாள்.

"இது சுத்தமா இருக்கு. வெச்சுக்கலாமா?" என்று மைக்கில் கேட்டார் ஒலிப்பதிவாளர்.

அக்காவின் விரல்கள் கட்டைகளின் மேலேயே இருந்தன. அவள் சரி என்றால் ஆல்பம் முழுக்க அத்தானின் வேகத்தில் போய்விடும். அட்டையில் மட்டும் அவள் பெயர் இருக்கும்.

"வேணாம்," என்றாள். பிறகு டிரம்ஸ்காரரிடம், "தம்பி, டிரம்ஸை என் பக்கம் திருப்பிப் போடுங்க."

"அண்ணன் முகம் தெரியாதே அண்ணி?"

"தெரிய வேணாம். என்னைப் பாருங்க."

அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப நான் எதுக்கு? தூணு மாதிரி நிக்கவா?"

"வாசிக்கத்தாங்க. என்னைப் பார்த்து வாசிங்க."

"இத்தனை வருஷமா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கிளம்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தபடி டிரம்ஸை நகர்த்த ஆரம்பித்தார். "அண்ணி எண்ணட்டும்ணே."

அக்கா எண்ணினாள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே மூச்சு விட்டுக்கொள்ளலாம், அவ்வளவு நிதானம். முதல் வரியில் அத்தான் சேரவே இல்லை. பாஸ் இல்லாமலே பியானோ நடந்தது. ஒலிப்பதிவாளரின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வரியின் நடுவில், அவளுடைய இடக்கைக்குக் கீழே, பாஸ் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

அந்த முதல் வரியை வெட்டிவிடலாமா என்று கம்பெனியில் கேட்டார்கள். அக்கா விடவில்லை.

இப்போது துக்கம் விசாரிக்க வருகிற இசைக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பாஸை அப்படித் தாமதமாக நுழையவிட்டது யார் யோசனை?

"அவளோடது," என்கிறார் அத்தான்.