மேலே ரெண்டு நல்ல தோல்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதில் என் கையை மிஞ்ச ஆம்பூரில் அன்றைக்கும் ஆளில்லை, இன்றைக்கும் இல்லை. அந்தக் கையை வைத்துத்தான் சொந்தமாகக் கையுறை கம்பெனி தொடங்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டு வியாபாரிகள் இன்டர்நெட்டில் தேடித்தான் ஆளைப் பிடித்தார்கள். என் வெப்சைட்டோ தேடினால் நாலாம் பக்கத்தில் கிடந்தது. வேலூரிலிருந்து டை கட்டிய பட்டதாரி ஒருவன் வந்தான். மற்ற சைட்டுகள் நம் சைட்டுக்கு லிங்க் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு லிங்க்கும் ஒரு சிபாரிசு, ஐந்நூறு லிங்க் வாங்கித் தருகிறேன் என்றான். சரி என்றேன்.

மூன்றே மாதத்தில் நாலாம் பக்கத்திலும் நான் இல்லை. என் பழைய இத்தாலிக்காரனே, கம்பெனியை மூடிவிட்டீர்களா என்று ஃபேக்ஸ் அனுப்பினான்.

அந்தப் பட்டதாரியைக் கூப்பிட்டு, வாங்கிய லிங்க்குகளின் லிஸ்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் தாளில் இரண்டு தோல் வியாபார சைட்டுகள், சுத்தமானவை. கட்டிவைத்த தோலை மேலே மட்டும் பார்த்து எவனும் வாங்க மாட்டான். நடுவிலிருந்து எடுத்துத் திறக்கச் சொன்னேன். சூதாட்டம். அடுத்தது உடம்பு இளைக்கிற மருந்து. அதற்கடுத்தது நாய்க்குட்டி விற்பனை.

"மேல ரெண்டு நல்ல தோல வச்சி, உள்ள பூரா ரிஜெக்ட்ட கட்டினு வந்துக்கிற."

"எண்ணிக்கைதான் சார் முக்கியம். உங்களுக்கு இது புரியாது."

"சூதாடறவன் எனக்கு சிபாரிசா? அதப் பாத்துதான் இன்டர்நெட்டு என்னையும் ரிஜெக்ட்ல தள்ளிக்கிது. எல்லாத்தையும் கழட்டிட்டு அப்புறம் படி இறங்கு."

ஒரு வாரம் எங்கள் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார வைத்து, ஒவ்வொரு சைட்டுக்கும் எழுதி நீக்க வைத்தேன். மசியாத சில நின்றுவிட்டன.

பிறகு நானே ராணிப்பேட்டைக்குப் போனேன். நான் முன்பு கூலிக்குத் தோல் தரம் பிரித்த தொழிற்சாலை அங்கேதான். அதன் முதலாளியிடம்தான் இப்போது தோல் வாங்குகிறேன். ஐரோப்பாக்காரன் எல்லாம் பார்க்கிற சைட் அவருடையது. எங்கள் தோலில் கையுறை செய்பவர்கள் என்று என் கம்பெனிக்கு ஒரு வரி, ஒரு லிங்க், அவ்வளவுதான் கேட்டேன். நாற்காலி கூடக் காட்டவில்லை.

"எங்கிட்ட கூலிக்கு நின்னவனுக்கு என் சைட்ல இடமா?"

"அந்தக் கூலிக்கு நின்ன கைதான் மொதலாளி, இன்னிக்கு உங்க தோல ஜாஸ்தி வாங்குது. அதையே எழுதுங்க. இல்லன்னா வாங்கறத நிறுத்திக்கிறேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுதினார்.

ஐந்நூறு ரிஜெக்ட் கெடுத்ததை அந்த ஒன்று தூக்கி நிறுத்தியது. சில மாதங்களில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டேன். மறுபடி திறந்துவிட்டீர்களா என்று இத்தாலிக்காரன் கேட்டான். மூடினால்தானே திறப்பதற்கு என்று பதில் எழுதச் சொன்னேன்.