பேட்டரி மேல் போட்ட பழி

அன்புராஜ் அண்ணன் பதினேழு வருடமாகக் கும்மிடிப்பூண்டியில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் ஆபரேட்டர். பதினேழு வருடமும் கான்ட்ராக்ட்தான். அவருடைய அப்பா பக்கத்திலேயே, எங்கள் ஊர் ஆரணியில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். மகன் அடுத்தவர் மிஷினில் தகடு வைத்தார். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

காதில் செருகிக்கொள்ளக் கம்பெனியில் அடைப்பான் கொடுப்பார்கள். அண்ணன் வைத்துக்கொண்டதே இல்லை. மிஷின் அடிக்கிற சத்தத்தை வைத்தே தகடு கோணலாக உட்கார்ந்துவிட்டதா, அச்சு தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். காதை அடைத்தால் அது தெரியாது, பீஸ் வீணாகும், சூப்பர்வைசர் கத்துவான். அதே சூப்பர்வைசர்தான் "உன் காதுதான்யா இங்க மீட்டரு" என்று மெச்சிக்கொள்வான். அண்ணன் அதைக் கேட்டுப் பூரித்துப்போவார். பக்கத்து மிஷினில் நின்ற நானும் பல்லைக் காட்டினேன்.

அவருக்கு இருந்த ஒரே சுகம் பாட்டு. மகள் ஸ்நேகா தன் பழைய செல்போனைக் கொடுத்திருந்தாள். சிம் கிடையாது, மெமரி கார்டு நிறையப் பாட்டு மட்டும். காலையில் வேனில் ஏறியதும் ஆரம்பித்துவிடும். மதியம் சாப்பிடும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் சட்டைப்பையிலிருந்து பாடிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு சார்ஜ் இரண்டு நாள் தாங்கியது. பிறகு ஒரு நாள். இந்தப் பொங்கலுக்கு அப்புறம், வேன் ஆரணி வந்து சேர்வதற்குள்ளேயே அணைந்துவிட்டது. "பேட்டரி பேஜாரு பண்ணுது வசந்தா" என்று தினமும் வேனில் என்னிடம் புலம்பல். புதுசு போட்டார். ஒரே மாதத்தில் மறுபடியும் பழைய கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி விற்ற பார்த்திபனிடம் சண்டை போட என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பார்த்திபன் சார்ஜ் ஏற்றிப் பாட்டைப் போட்டான். எதிரில் பூ விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் வை" என்றார் அண்ணன்.

"ஃபுல்லுணா. இதுக்கு மேல இல்ல" என்று கத்தினான் பார்த்திபன். "சத்தத்த ஏத்துற ஆப்பு வேற போட்டு வெச்சிகீற. இப்டி கத்தவுட்டா எந்த பேட்டரி தாங்கும்? பேட்டரி நல்லாத்தான் கீது. நீ போய் காத காட்டு."

அண்ணன் விருட்டென்று கடையிலிருந்து இறங்கிவிட்டார். "டுபாக்கூர் பேட்டரிய வித்துட்டு என் காத சொல்றான் பாரு" என்று வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குச் சுருக்கென்றது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வேனில் நாங்கள் கெஞ்சியபோதெல்லாம் அவர் பேசாமல் இருந்தது திமிரால் இல்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் மெடிக்கல். காது மந்தம் என்றால் அன்ஃபிட். கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்ஃபிட் என்றால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. ஸ்நேகா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அண்ணன் சோறு இறங்காமல் திரிந்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நான் ஒரு யோசனை சொன்னேன்.

"காத பத்தி கேட்டாங்கன்னா தெகிரியமா சொல்லுணா, டெய்லி பாட்டு கேக்குறேன்னு. காது கேக்காதவன் எதுக்கு பாட்டு கேக்கப் போறான்?"

அண்ணன் முகம் தெளிந்துவிட்டது.

அப்படியே சொன்னார், ஒன்றுக்கு இரண்டாகவே சொன்னார். டாக்டர் பக்கத்தில் இருந்த சேஃப்டி ஆபீசருக்கு ஒரே சந்தோஷம். தினம் எத்தனை மணி நேரம், எவ்வளவு சத்தம் என்று அண்ணன் காதருகே குனிந்து அக்கறையாக விசாரித்தார். அண்ணன் போனை எடுத்து ஃபுல்லாக வைத்துக் காட்டினார். ஆபீசர் இங்கிலீஷில் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார்.

அந்தத் தாளைக் கான்ட்ராக்டரின் கிளார்க் ராபின் எனக்குப் படித்துச் சொன்னான். செல்போனில் அதிக சத்தத்தில் பாட்டு கேட்டதால் காது பழுதாகியிருக்கிறது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதைத் தொழிலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினேழு வருட மிஷின் இடி காதில் விழவே இல்லையாம். நஷ்டஈடு என்று வாயைத் திறக்க முடியாதபடி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்துவிட்டோம். மறுநாளிலிருந்து அவர் மிஷினில் வேறு ஆள் நிற்கிறான்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். பிரின்சி அண்ணி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்ன மேரியேதான் சொன்னேன் வசந்தா. ஒன்னும் தப்பா சொல்லல. பேட்டரி மட்டும் நல்லா இருந்திருந்தா சத்தமா பாடியிருக்கும். அவனுங்களும் நம்பியிருப்பானுங்க."

"என் தப்புணா" என்றேன்.

"இன்னா?" என்று காதைத் திருப்பினார்.

அவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று கையால் சாடை காட்டினேன்.