வண்டிக்குக் கட்டிய காப்பு

நான் ஆரம்பித்த காரியம் எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. இந்தி வகுப்புக்குப் போனேன். பத்து வரை எண்ணக் கற்றதோடு சரி. மொட்டைமாடித் தோட்டத்துக்கு வாங்கிய தொட்டிகள் இப்போது துணிக்கொடிக் கம்பம் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தையல் மெஷின் மேல் மிக்ஸி உட்கார்ந்திருக்கிறது. அதனால் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நான் ஸ்கூட்டர் ஓட்டப்போகிறேன் என்று சொன்னபோது, வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீ ஓட்டிப் பழகுறதுக்குள்ள டேங்க்ல உள்ள பெட்ரோல் ஆவியாப் போயிரும்."

வண்டி எங்கள் மகளுடையது. அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து வில்லாபுரத்தில் எங்கள் வாசலில் உறை போட்டுச் சும்மா நின்றது. நானோ கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குத் தினமும் ஷேர் ஆட்டோவில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயுமாகப் போய்க்கொண்டிருந்தேன். லைசென்ஸ் மட்டும் பல வருடமாகப் பையில் கிடக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

அந்த வாரமே திருமங்கலத்திலிருந்து கொழுந்தன் போன் போட்டார். "மதினி, வண்டி சும்மாதான நிக்கிது? பொங்கல் கழியவும் வந்து எடுத்துக்கிறேன்."

வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தே சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "அதுக்குள்ள நீ ஓட்டிட்டேன்னா உனக்கு. இல்லேன்னா அவனுக்கு."

எனக்கு வந்ததே கோபம்! நேராகத் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய், மஞ்சள் கொம்பு கோத்த கயிறு ஒன்றை வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். தனியாக வண்டியில் வேலைக்குப் போய் முழுசாக வீடு திரும்புகிற வரை கழற்றுவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எதில் ஏமாற்றினாலும் காப்பில் ஏமாற்ற மாட்டார்கள்; கட்டினால் வேண்டுதலை முடித்துவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். அந்தப் பயத்தைத்தான் இரவல் வாங்கினேன். பயத்தோடு சட்டதிட்டமும் சேர்ந்து வரும் என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கெடா வெட்டி, கறிச்சோறு. இலை முன்னால் உட்கார்ந்து, குழம்பு வாளி என்னை நோக்கி வருவதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறிய அண்ணன் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா, காப்புக் கட்டிட்டா கறிப்பந்தியில உக்காந்திருக்க? எந்திரி, எந்திரி."

"அண்ணே, இது சாமிக்கு இல்லண்ணே. ஸ்கூட்டர் பழகுறதுக்கு."

பந்தியே சிரித்தது. வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்று நான் மழுப்புகிறேனாம். தனியாக ஒரு மூலையில் உட்காரவைத்து, பக்கத்துக் கடையில் வாங்கிவந்த சாம்பார்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்தார்கள். கறிக்குழம்பு வாசத்தில் சாம்பார்சாதம் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வாயைக் கட்டிப்போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. தண்ணீர் லாரி வந்த அன்று என் குடத்தை ஒருத்தி பின்னால் நகர்த்தினாள். நான் சேலையை இழுத்துச் செருகி வாயைத் திறந்ததுமே எதிர்வீட்டு அக்கா தடுத்தார்: "காப்போட சண்டை போடாதத்தா. ஆத்தாவுக்கு ஆகாது." மூடிக்கொண்டேன். இது தெரிந்ததும் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். குழம்பில் உப்பில்லை என்பார், எங்கள் அம்மா வீட்டுச் சீரைப் பற்றிப் பேசுவார். நான் வாயெடுத்தால், "காப்பு, காப்பு" என்று கையைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் பதிலை உள்ளே சேர்த்துவைத்துக்கொண்டேன்.

இந்தி வகுப்பை விட்டபோது யாரும் கேட்கவில்லை. இதை விட முடியுமா? பால் வாங்கப் போனால்கூட, "வேண்டுதல் எப்பத்தா முடியிது?" என்று தெருவே கேட்டது. விடிந்ததும் அவனியாபுரம் பக்கத்துக் காலி மனைகளுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். எதிர்வீட்டு அக்கா பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவார். "பிரேக்கப் பிடி! பிரேக்கு!" என்று அவர் கத்தும்போதெல்லாம் என் கை ஆக்சிலேட்டரைத்தான் முறுக்கும். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் நான் விழாத பக்கமே இல்லை.

பொங்கல் கழிந்தது. தெருக்களில் ஓட்டப் பழகிவிட்டேன். மெயின் ரோடு கண்ணில் பட்டால் மட்டும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து, காலையில் நான் வேலைக்குக் கிளம்புகையில், கையில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார் கொழுந்தன்.

"சாவி எங்க மதினி?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை. பாவப்பட்டார், அதுதான் சுருக்கென்றது.

"எனக்கு நேரமாச்சு தம்பி. வேலைக்குப் போயிட்டு வாரேன், அப்புறம் பேசுவோம்" என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

அன்று மெயின் ரோட்டில் நான் கும்பிடாத சாமி இல்லை. இத்தனை நாள் நான் தொங்கிக்கொண்டு போன ஷேர் ஆட்டோக்களெல்லாம் பழிவாங்குவதுபோல் குறுக்கே வந்தன. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. "இருய்யா, போறேன்ல!" என்று கத்தினேன். அது சண்டையில் சேராது. கிளினிக் வாசலில் ஸ்டாண்டு போட்டேன். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். எனக்கு என்னை அம்புட்டுப் பிடித்துப்போனது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கொழுந்தன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஹெல்மெட்ட மாட்டிட்டு ஏறுங்க தம்பி" என்றேன். வண்டியை எடுத்துப்போக வந்தவரை அதே வண்டியில் கொண்டுபோய்த் திருமங்கலம் பஸ் ஏற்றிவிட்டேன்.

வந்ததும் வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். இரண்டு கையாலும் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். இறங்கியதும் என் மணிக்கட்டு முடிச்சை அவரே அவிழ்த்து, கயிற்றை வேப்பமரக் கிளையில் கட்டினார்.

"பெருமையாத்தான் இருக்கு. வா, கறிதோசை வாங்கித் தாரேன்" என்றார்.

"அது கிடக்கட்டும். பெட்ரோல் ஆவியாப் போயிரும்னு சொன்னீகள்ல?" என்று ஆரம்பித்தேன். அவர் அவசரமாகக் கையைக் காட்டினார். கையில்தான் கயிறு இல்லையே! கார்த்திகையிலிருந்து சேர்த்துவைத்திருந்தது வரிசையாக வெளியே வந்தது. அதையும் பாதியில் விடுவதாக இல்லை.