செவலைக்குப் போட்ட மார்க்கு

ஹாலிஎலவுக்கு மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்களே, அங்கே குதிரை பார்ப்பவர் அந்தோனிமுத்து. இருபது வருஷம் தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுக் குதிரைக்கு வந்தவர். மனுஷர்களிடம் சிடுசிடுப்பார், செவலைக் குதிரையிடம் மட்டும் வாய் ஓயாது.

அந்தச் செவலைக்கு முன்னங்கால் குளம்புக்குள் சீழ் கட்டிவிட்டது. பதுளையிலிருந்து வந்த மிருக வைத்தியர் ஜெனீரா குளம்பைக் கீறிக் கட்டுப்போட்டு, வலி மருந்தோடு ஒரு தாளையும் கொடுத்தார். குதிரை வலிக்குது என்று சொல்லாது, முகத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். காது, இமை, கண்ணுக்கு மேலே, தாடை, வாய், மூக்கு என்று ஆறு இடத்துக்கும் தலா பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு போட்டுக் கூட்டினால் அதுதான் வலி. மருந்துக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதுங்கள், புண் ஆறும்வரை சவாரி கூடாது என்று சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கு முன் ஒன்பது, பின் மூன்று. செவலைக்கு வலி குறைந்த சந்தோஷத்தில் அந்தத் தாளை மெனேஜர் அஜந்தனிடம் கொண்டுபோய்க் காட்டினார் பாருங்கள், அதுதான் அவர் செய்த தப்பு. மறுநாள் கொழும்பு ஆட்கள் சவாரிக்கு வருகிறார்கள்.

"மூணுதானே அண்ணே. மருந்தக் குடுத்துட்டு சேணத்தப் போடுங்க."

முத்துவுக்குத் தோட்டத்து நாள் ஞாபகம் வந்தது. இடுப்புப் பிடித்து நின்ற காலத்தில், மாத்திரை போட்டாச்சுதானே, மலைக்குப் போ என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் விரட்டினார்களே, அதே பேச்சு. வைத்தியர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தார். வேலை வேண்டாமென்றால் லாயத்துப் பக்கத்து அறையையும் காலி பண்ணுங்கள் என்று பதில் வந்தது. அவருக்கும் மனைவி றோசாலிக்கும் அதுதான் வீடு. சனிக்கிழமை காலை, சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு சேணத்தைக் கட்டினார்.

ஏற்றத்தில் கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர் குதிரையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் வளைவில் நான்கு, கோயிலடியில் ஏழு. மேலே இருந்த ஆள் போனை நீட்டிச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காது பின்னால் மடங்கி, தாடை இறுகி, பத்து ஆனதும் முத்து நின்றுவிட்டார். இறங்குங்க ஐயா என்றார். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டும் செவலையை மெல்ல மெல்லக் கீழே கூட்டிவந்தார்.

லாயத்தில் வைத்து, வந்தவரிடம் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது என்று அஜந்தன் கத்தினான். முத்து காதில் போட்டுக்கொள்ளாமல் தாளில் பத்து என்று எழுதினார். அதைப் பார்த்ததும் அஜந்தனின் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணே, டொக்டர் இதப் பாப்பாங்க. மூணுன்னு மாத்திப் போடுங்க. எல்லாத்தையும் மறந்திருவோம்."

"நான் இன்னைக்கே அறையக் காலி பண்றேன் சார். டொக்டர் வந்து பாக்குற வரைக்கும் குதிரைய விட்டுப் போகமாட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெனீராவுக்குப் போன் போட்டார்.